செப்சிஸில் ரத்தம் ஏன் உறைகிறது, ஏன் கசிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது, பிளேட்லெட் இறங்கிவிட்டது, டிஐசி ஆரம்பித்திருக்கிறது." ஐசியூ வாசலில் நிற்கும் உறவினர்களுக்கு டாக்டர் சொல்வதில் அதிகம் குழப்புவது இதுதான். நிமோனியா என்று சேர்த்தவருக்கு ரத்தத்தில் என்ன கோளாறு? உள்ளே ரத்தம் கட்டுகிறது என்கிறார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். இந்தப் பக்கம் அந்தக் கேள்விகளுக்காக. சிகிச்சை முடிவு உங்கள் டாக்டருடையது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள மட்டும் இது உதவும்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி இருப்பதுதானே?

இல்லை. 2016-ல் வகுத்த வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை தறிகெட்டுப்போய், உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்கு உறுப்புகள் செயலிழப்பதுதான் செப்சிஸ். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராமலேயே ஒருவர் செப்சிஸில் இருக்கலாம். கிருமி நுரையீரலில், சிறுநீர்ப் பாதையில், வயிற்றில், காலில் இருக்கும் ஒரு புண்ணில் என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 2017-ல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4.9 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்து, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது ஒரு பெரிய உலகளாவிய மதிப்பீடு. அரிதான நோய் என்று நினைக்க வேண்டாம்.

கிருமிக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்?

கையை அறுத்துக்கொண்டால் ரத்தத்தை நிறுத்துவதற்குத்தான் உறைவு என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதி வேலைதான். காயம் பட்ட இடம் கிருமி நுழையும் வாசலும்கூட. ரத்தத்தை அடைக்கும் அதே கட்டி கிருமியையும் அங்கேயே சிறைவைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குதிரைலாட நண்டைப் பார்க்கலாம். 1950-களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் பிரெடரிக் பேங், இந்த நண்டின் உடலில் ஒரு வகை பாக்டீரியாவைச் செலுத்தியபோது அதன் நீல ரத்தம் உடல் முழுக்க உறைந்துபோனதைக் கண்டு 1956-ல் எழுதினார். பிறகு ஜாக் லெவினுடன் சேர்ந்து ஆராய்ந்ததில், உயிருள்ள கிருமிகூடத் தேவையில்லை, கிருமியின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு போதும் என்று தெரிந்தது. நண்டின் ரத்தத்தில் ஒரே வகை அணுதான் இரண்டு வேலையையும் பார்க்கிறது: கிருமியை அடையாளம் காண்பதும் அதுவே, உறையவைப்பதும் அதுவே. இன்றைக்கும் ஊசி மருந்துகளிலும் குளுக்கோஸ் பாட்டில்களிலும் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று பார்க்க இந்த நண்டின் ரத்தத்தில் எடுத்த பொருள் பயன்படுகிறது.

நம் உடலில் இந்த வேலைகள் பிரிந்துவிட்டன. வெள்ளையணு தனி, பிளேட்லெட் தனி, உறைவுப் புரதங்கள் தனி. ஆனால் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. அந்தப் பேச்சுவார்த்தை எல்லை மீறுவதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

உறைவைத் தொடங்கிவைப்பது எது?

டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதம். சாதாரணமாக இது ரத்தத்தோடு தொடர்பில்லாமல், குழாய்ச் சுவருக்கு வெளியே உள்ள திசுக்களில் இருக்கும். குழாய் அறுந்தால்தான் ரத்தம் அதைத் தொடும், உறைவு தொடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் எண்டோடாக்சினையோ அழற்சிச் செய்திகளையோ சந்தித்த மோனோசைட் என்ற வெள்ளையணு, சில மணி நேரத்தில் இந்த டிஷ்யூ ஃபேக்டரைத் தானே தயாரித்துத் தன் மேற்பரப்பில் மாட்டிக்கொள்கிறது. இப்போது எங்குமே காயம் இல்லை. ஆனாலும் ஓடும் ரத்தத்துக்குள்ளேயே உறைவுக்கான சாவி சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் நியூட்ரோஃபில்கள். இவை கிருமியை விழுங்கிக் கொல்லும் என்பது பழைய செய்தி. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004-ல் காட்டியது வேறு: நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே நூல் நூலாக வெளியே விட்டு அதில் கிருமிகளைச் சிக்கவைக்கிறது. அதே நூல்களில் பிளேட்லெட்டும், ரத்தக்கட்டியின் இழையான ஃபைப்ரினும் வந்து ஒட்டுகின்றன. கிருமிக்கு விரித்த வலையே ரத்தக்கட்டிக்குச் சாரமாகிவிடுகிறது.

உடம்பில் இதற்குப் பிரேக் கிடையாதா?

இருக்கிறது, ஒன்றல்ல, பல. ரத்தத்தில் ஆன்டித்ராம்பின் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழாயின் உள்சுவர் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தின் துணையோடு புரோட்டீன் சி-யைச் செயல்படவைத்து உறைவை மட்டுப்படுத்துகிறது. அப்படியும் கட்டி உண்டானால், அதைக் கரைக்க பிளாஸ்மின் வருகிறது.

செப்சிஸில் இந்த மூன்றுமே ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுதாகின்றன. ஆன்டித்ராம்பின் செலவாகிக் குறைகிறது. அழற்சியால் உள்சுவர் த்ராம்போமாடுலினை இழப்பதால் புரோட்டீன் சி தூங்கிவிடுகிறது. கட்டியைக் கரைப்பதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமோ எக்கச்சக்கமாக ஏறுகிறது. என் கணிப்பில், உறைவு கூடுவதைவிட, உண்டான கட்டி கரையாமல் போவதுதான் உறுப்புகளை அதிகம் கெடுக்கிறது. நாம் பேசும்போது இது ஏனோ எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

அழற்சி உறைவைக் கூட்டும், சரி. உறைவு அழற்சியைக் கூட்டுமா?

கூட்டும். உறைவின் மையத்தில் இருக்கும் த்ராம்பினுக்கு ஃபைப்ரின் செய்வது மட்டும் வேலை இல்லை. குழாயின் உள்சுவரிலும் பிளேட்லெட்டிலும் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. த்ராம்பின் அதைத் தட்டினால் உள்சுவர் இளகி நீரைக் கசியவிடுகிறது, வெள்ளையணுக்களை அழைத்து ஒட்டவைக்கிறது. நோயாளியின் கையும் முகமும் ஊதிப்போவதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம். நியூட்ரோஃபில் வலையில் டிஎன்ஏவோடு சேர்ந்திருக்கும் ஹிஸ்டோன்கள் என்ற புரதங்கள் உள்சுவர் செல்களைக் கொல்லக்கூடியவை. செத்த செல் மேலும் உறைவைத் தூண்டுகிறது. ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும் இந்தச் சுற்று நின்றால்தான் நோயாளி தேறுவார்.

நல்ல காரியமாகத் தொடங்கியது எந்த இடத்தில் கெடுதலாகிறது?

திருடன் நுழைந்த தெருவின் இரண்டு முனையையும் அடைத்தால் அவன் மாட்டுவான். ஊரின் எல்லாத் தெருவையும் அடைத்தால் ஆம்புலன்ஸும் பால் வண்டியும் வராது. தொற்று ஒரு இடத்தில் இருக்கும்வரை சின்னக் குழாய்களில் விழும் அடைப்பு உதவி. ஃபைப்ரின் உண்டாவதற்கான மூலப்புரதமான ஃபைப்ரினோஜன் இல்லாமல் பிறந்த எலிகள் சில பாக்டீரியாத் தொற்றுகளில் சாதாரண எலிகளைவிட மோசமாகத் தோற்கின்றன. தூண்டுதல் உடல் முழுக்கப் பரவிவிட்டால் சிறுநீரகம், நுரையீரல், ஈரல், தோல் எல்லாவற்றிலும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. அந்த நிலைக்குத்தான் டிஐசி என்று பெயர்: குழாய்க்குள்ளேயே, உடல் முழுவதும் பரவி நடக்கும் உறைவு. செப்சிஸ் நோயாளிகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இது வருவதாகச் சொல்வார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும்.

உள்ளே உறைகிறது என்றால் வெளியே ஏன் ரத்தம் நிற்கவில்லை?

சரக்கு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான நுண்குழாய்களில் கட்டி போடுவதற்குப் பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜனும் மற்ற உறைவுப் புரதங்களும் செலவாகிவிட்டன. அவற்றைத் தயாரிக்கும் ஈரலும் அப்போது சோர்ந்திருக்கும். எனவே கழுத்தில் போட்ட குழாயைச் சுற்றி ரத்தம் கசியும், மூக்குக் குழாயில் காபிப்பொடி நிறத்தில் வரும், பல் துலக்கினால் ஈறு கசியும். இரண்டும் எதிரெதிரான நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரண்டு முகங்கள். செப்சிஸில் பெரும்பாலும் அடைப்புதான் அதிகக் கேடு செய்கிறது, கண்ணுக்குத் தெரிவது கசிவு.

கிருமிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

இருக்காது. இந்தப் பகுதி எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் உறைவைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. கோயாகுலேஸ் என்ற பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றி ஃபைப்ரினைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மைக்ரோபயாலஜி லேபில் இதை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறார்கள்: சின்னக் குழாயில் முயலின் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி), அதில் கல்ச்சர் தட்டில் வளர்ந்த கிருமி கொஞ்சம், 37 டிகிரியில் வைத்து நாலு மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தால், தண்ணீராக இருந்தது ஜெல்லியாக நிற்கும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நேர் எதிர்வழி. அது ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சுரந்து நம் உடலின் கரைப்புப் பொருளையே கிளப்பிவிட்டு, தன்னைச் சிறைவைத்த கட்டியைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. 1933-ல் டில்லெட்டும் கார்னரும் கண்டுபிடித்த அதே பொருள்தான் பிறகு மாரடைப்பு மருந்தாயிற்று; நம் ஊரில் எத்தனையோ பேர் "ஸ்ட்ரெப்டோ ஊசி" போட்டுப் பிழைத்திருக்கிறார்கள். பிளேக் கிருமியிடமும் கட்டியைக் கரைக்கவைக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. உறைவு கிருமியைத் தடுக்கவில்லை என்றால், அதை உடைக்க இவ்வளவு மெனக்கெட வேண்டிய அவசியம் அவற்றுக்கு இருந்திருக்காது.

லேப் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

நாலு வரிகள்: பிளேட்லெட், பிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்), டி-டைமர் (ஃபைப்ரின் கட்டி கரையும்போது வரும் துணுக்கு), ஃபைப்ரினோஜன். 2001-ல் வந்த ஒரு சர்வதேச அளவுகோல் இவற்றுக்குப் புள்ளி போடுகிறது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் 1, ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்றால் 2. பிடி வழக்கத்தைவிட 3 நொடிக்கு மேல் நீண்டால் 1, 6 நொடிக்கு மேல் 2. டி-டைமர் ஓரளவு ஏறியிருந்தால் 2, நன்றாக ஏறியிருந்தால் 3. ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே 1. கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் என்றால் டிஐசி முற்றிவிட்டது.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, டி-டைமர். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்ட பெயர் இது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, வயது, சாதாரணத் தொற்று எல்லாவற்றிலும் ஏறும். தனியாக அதை வைத்துக்கொண்டு பதறுவதில் பயனில்லை. இரண்டாவது, ஃபைப்ரினோஜன். அழற்சி வந்தால் ஈரல் இதை அதிகம் தயாரிக்கும். எனவே 250 என்று "நார்மல்" பகுதியில் அச்சாகியிருந்தாலும், நேற்று 600 இருந்தது இன்று 250 என்றால் அது நார்மல் அல்ல, வேகமாகச் செலவாகிறது என்று அர்த்தம். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பிளேட்லெட் குறைந்தால் டெங்குதானே? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் பிளேட்லெட் என்ற சொல்லே டெங்குவோடு ஒட்டிவிட்டது. டெங்கு வைரஸ் நோய், அதில் முக்கிய ஆபத்து பிளாஸ்மா குழாயிலிருந்து கசிவது. இங்கே நாம் பேசுவது பாக்டீரியா. பிளேட்லெட் உறைவில் செலவாகிக் குறைகிறது. கிருமியைக் கொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஐசியூவில் மயக்கத்தில் இருப்பவருக்கு வாய் வழியாகச் சாறு கொடுப்பது மூச்சுக்குழாயில் இறங்கும் அபாயம் வேறு. வேண்டாம்.

ஸ்க்ரப் டைபஸில் இது வருமா?

வரலாம். வேலூர், அதைச் சுற்றிய மாவட்டங்களில் மழைக்காலத்துக்குப் பிறகு நிறையப் பார்க்கும் நோய் இது. ஒரு சிற்றுண்ணியின் புழுப் பருவம் கடிப்பதால் வரும் இந்தக் கிருமி நேரடியாகக் குழாயின் உள்சுவர் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது. ஆகவே மேலே சொன்ன சுற்று சீக்கிரம் தொடங்கக்கூடும். அக்குள், இடுப்பு, மார்பின் மடிப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, வலியும் இருக்காது. நோயாளியே பார்த்திருக்க மாட்டார். வேலூர் சிஎம்சி முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வு, கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது.

தோலில் வரும் புள்ளிகள் எப்போது ஆபத்து?

ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி வழியே தெரியும் புள்ளி மறைந்தால் தோலுக்குள் ரத்தம் கசியவில்லை. மறையாமல் அப்படியே இருந்தால் தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு இது இருந்தால் நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அந்தத் தொற்றில் சில மணி நேரத்தில் புள்ளிகள் ஊதா நிறத் திட்டுகளாகி, தோலே சாகத் தொடங்கும். புரோட்டீன் சி அடியோடு தீர்ந்துபோவதால் வருவது அது. இதே தொற்றில் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குள் ரத்தம் கசிந்து ரத்த அழுத்தம் சரிவதை 1911-ல் வாட்டர்ஹவுஸும் 1918-ல் ஃபிரிடெரிக்ஸனும் விவரித்தார்கள். நம் தோல் நிறத்தில் புள்ளி எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், கண் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும்.

விரல்கள் கறுக்கின்றன. மருந்தால் வந்ததா?

பெரும்பாலும் மருந்து மட்டும் காரணம் இல்லை. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்கும் நார்அட்ரினலின் சிறு குழாய்களைச் சுருக்கும், உண்மைதான். ஆனால் அது இல்லையென்றால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகாது. மணிக்கட்டில் நாடி நன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே விரல் நுனி கறுக்கும்; அடைப்பு பெரிய குழாயில் இல்லை, விரலின் நுண்குழாய்களில் என்பதற்கு அது அடையாளம். இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் ஒரேபோல வருவது வழக்கம். உடனே வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையே கோடு தெளிவாக விழும்வரை, சில சமயம் வாரக்கணக்கில், காத்திருப்பார்கள். முதலில் பயந்ததைவிடக் குறைவாகவே இழக்க நேர்வதும் உண்டு.

உறைவுதான் பிரச்சினை என்றால், உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் போதுமே?

இதே யோசனையில்தான் இருபது வருடம் போயிற்று, பெரும் பணமும் போயிற்று.

1987-ல் பபூன் குரங்குகளில் நடந்த சோதனையில், செயல்படும் நிலையில் உள்ள புரோட்டீன் சி கொடுத்தால் உயிர்கொல்லி அளவு ஈ. கோலை பாக்டீரியாவைச் செலுத்தியும் அவை பிழைத்தன. அதிலிருந்து எலி லில்லி நிறுவனம் ட்ரோட்ரிகோஜின் ஆல்ஃபா என்ற மருந்தை உருவாக்கியது. விற்பனைப் பெயர் சைக்ரிஸ். 1,690 நோயாளிகளில் நடந்த ஆய்வில் மருந்து பெறாதவர்களில் 30.8 சதவீதமும், பெற்றவர்களில் 24.7 சதவீதமும் 28 நாளில் இறந்தார்கள். ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, 2001 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்தார்கள். செப்சிஸுக்கென்றே வந்த முதல் மருந்து என்று கொண்டாட்டம். ரத்தக்கசிவு கொஞ்சம் கூடும் என்பதும் அப்போதே தெரியும். சந்தேகம் தீராமல், ஷாக் நிலையில் (ரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்த நிலை) இருந்தவர்களில் மீண்டும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது: மருந்தோடு 26.4, மருந்தில்லாமல் 24.2 சதவீத இறப்பு. 2011 அக்டோபரில் நிறுவனமே மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

ஆன்டித்ராம்பினும் அப்படியே. 2001-ல் வெளிவந்த, 2,314 பேரில் நடந்த ஆய்வில் இரண்டு பக்கமும் இறப்பு ஏறக்குறைய 39 சதவீதம். த்ராம்போமாடுலினை மருந்தாக்கிச் சுமார் 800 பேரில் பார்த்தது 2019-ல் வந்தது: மருந்தோடு 26.8, மருந்தில்லாமல் 29.4 சதவீத இறப்பு, ஏதோ இருக்கிறதுபோலத் தெரிந்தாலும் புள்ளிவிவரப்படி நிரூபணமாகவில்லை. ஜப்பானில் 2008 முதல் டிஐசிக்கு இதைக் கொடுக்கிறார்கள், பல நாடுகள் தயங்குகின்றன.

ஏன் இப்படி? என் பார்வையில் தப்பு மருந்தில் இல்லை, கேள்வியில். உறைவு வெறும் விபத்து என்று எடுத்துக்கொண்டோம். அது கிருமியை எதிர்க்கும் படையின் ஒரு பிரிவு. அதை எல்லா நோயாளிக்கும், எல்லா நேரத்திலும், ஒரே அளவில் முடக்கினால் சிலருக்கு அடைப்பு குறையும், சிலருக்குக் கிருமி தப்பும், சிலருக்கு ரத்தம் கொட்டும். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். முற்றிய டிஐசி உள்ளவர்களை மட்டும் பிரித்து, சரியான நேரத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள். அது நியாயமாகவே படுகிறது.

அப்படியானால் டாக்டர்கள் என்னதான் செய்வார்கள்?

மூலத்தை அடைக்கப் பார்ப்பார்கள். ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், சீழ் இருந்தால் அதை வெளியேற்றுவது, நரம்பு வழியாகத் திரவம், தேவைப்பட்டால் அழுத்த மருந்து. தூண்டுதல் நின்றால் உறைவும் தானாக அடங்கத் தொடங்கும். கால் நரம்பில் கட்டி வராமலிருக்கக் உறைவைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி குறைந்த அளவில், கசிவு இல்லாதவர்களுக்கு வழக்கமாகவே உண்டு. பிளேட்லெட்டையும் பிளாஸ்மாவையும் எண்ணைப் பார்த்து ஏற்ற மாட்டார்கள். கசிவே இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் பிளேட்லெட். ரத்தம் போய்க்கொண்டிருந்தால் அல்லது அறுவை சிகிச்சை இருந்தால் ஐம்பதாயிரம் வரை தூக்குவார்கள். "முப்பதாயிரம்தான் இருக்கிறது, ஏன் ஏற்றவில்லை?" என்று சண்டை போடுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர் என்ன செய்வது?

வார்ஃபரினோ அசிட்ரோமோ போடுகிறவருக்குக் கடும் காய்ச்சல் வந்தால், மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. பல ஆன்டிபயாடிக்குகள் இந்த மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டும், சாப்பிடாமல் கிடப்பதும் கூட்டும், எனவே ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்காமல் பழைய அளவில் ஓட்டக் கூடாது. ஆஸ்பிரின் போட்டால் செப்சிஸ் வராது என்று ஒரு பேச்சு உண்டு. ஆரோக்கியமான முதியவர்களில் நடந்த பெரிய ஆய்வில் தினசரி ஆஸ்பிரின் செப்சிஸ் இறப்பைக் குறைக்கவில்லை. அனுமதிக்கும்போது மாத்திரைச் சீட்டை அப்படியே கையில் கொண்டுபோங்கள், பெயர் மறந்துபோனால் காலி அட்டையாவது.